தேரிக்காடு முதல் மணப்பாடு வரை வழிகாட்டியோடு குழு நடை: போனவர்களும் ஊர்க்காரர்களும் சொல்லுங்கள்

நடைப்பிரியன் (மதுரை)
ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். போன பங்குனியில் தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரியில் தொடங்கி, உடன்குடி, குலசேகரப்பட்டினம் வழியாக மணப்பாடு கடற்கரை வரை 2 நாள் நடந்தோம். நாங்கள் 12 பேர், கூட ஒரு வழிகாட்டி. வரும் பங்குனியில் மறுபடி போக ஆசை. அதற்கு முன்னால் நான் பார்த்ததை எழுதிவிட்டு உங்கள் கருத்தையும் கேட்கலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வழிகாட்டி உடன்குடிப் பக்கத்துக்காரர். சில வருடம் முன்பு வரை பனை ஏறியவர். நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். முதல் நாள் இரவே கறாராகச் சொல்லிவிட்டார்: காலை 5 மணிக்கு மணலில் கால் வைக்க வேண்டும், 9.30க்கு மேல் தேரிக்குள் யாரும் நிற்கக் கூடாது. ஏன் இவ்வளவு அவசரம் என்று தோன்றியது. 10 மணிக்குத் தேரியின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி ஒரே ஒரு அடி வைத்துப் பார்த்தேன், புரிந்துவிட்டது.

விடியற்காலைத் தேரி வேறு உலகம். மணல் குளிர்ந்து, காலுக்கு மாவு போல இருக்கும். வெளிச்சம் வர வர மணலின் நிறம் மாறும். முதலில் பழுப்பு, பிறகு செங்கல், சூரியன் மேலே வந்ததும் குங்குமம். ராத்திரி முழுக்க யார் யார் நடந்தார்கள் என்பது மணலில் எழுதியிருக்கும். முயல், மயில், வண்டு என்று அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு உடைமரத்தடியில் உட்காரச் சொன்னார். புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். ஒரு புல்லை ஒடித்துக் குழியின் சரிவில் லேசாகத் தட்டினார். அடியிலிருந்து மணலை விசிறியடித்துக்கொண்டு ஒரு பூச்சி தலை காட்டியது. குழியானை. சிறுவயதில் பாட்டி வீட்டில் பார்த்தது, 30 வருடம் கழித்து மறுபடி பார்த்தேன். எங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை.

அப்புறம் விடிலி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசைக்கு அங்கே விடிலி என்று பெயர். நாங்கள் போனபோது உள்ளே ஒரு அம்மா காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில் ஒருவர் பேச்சுக் கொடுக்கப் போனார், அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “இப்ப கேக்காதீங்க. பாகு பொங்குற நேரம்” என்று எல்லோரையும் வெளியே பனை நிழலில் உட்கார வைத்தார். நுரை சட்டி விளிம்பு வரை ஏறியபோது அந்த அம்மா தட்டிய ஆமணக்கு விதையைத் துளி போட்டார்கள், நுரை அப்படியே அடங்கியது. பிறகு ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார்கள். உருண்டு நின்றதும் சட்டியை இறக்கி, துடுப்பால் கிளறி, வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார்கள். கடைசிச் சிரட்டையை நிரப்பிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “எந்த ஊரு பிள்ளைகளா?” என்று அவர்களாகவே கேட்டார்கள். அரை மணி நேரக் காத்திருப்பு அது. அந்த 2 நாளில் நான் மிகவும் கற்றுக்கொண்டது அந்த அரை மணி நேரத்தில்தான்.

ஊருக்குள் போகும் நடையை அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் நடத்த வேண்டும், அவர்களுடைய வேலை நேரத்துக்கு நாம்தான் ஒத்துப்போக வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தெற்குக்காற்று
ஞாயிறு, இரவு 9.48

நல்ல பதிவு. ஆனால் வழிகாட்டி கட்டாயம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் 2 முறை தனியாகப் போயிருக்கிறேன். போனில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். தேரி பெரிய காடு ஒன்றும் இல்லை, எந்தத் திசையில் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு தார்ச்சாலை வந்துவிடும். குழுவாகப் போனால் சத்தம்தான் அதிகம்.

தேரிக்குடியிருப்பான் (இப்போது சென்னை)
ஞாயிறு, இரவு 10.30

தெற்குக்காற்று, சாலை வந்துவிடும் என்பது சரிதான். வெயில் அதற்கு முன்னால் வந்துவிடும் என்பதுதான் சிக்கல். மணலில் 1 கிலோமீட்டர் நடப்பது சாலையில் 2 கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கால் புதைந்து புதைந்து எழும்போது உடம்பில் தண்ணீர் இருக்காது.

இன்னொன்று, குதிரைமொழித் தேரி காப்புக்காடு, வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. நினைத்த இடத்தில் நுழைந்து நினைத்த திசையில் நடக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் பாதையில் போங்கள். ஊர்க்கார வழிகாட்டிக்கு எங்கே கேட்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரியும்.

ஆடி மாதம் தயவு செய்து வராதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று அப்போது முழு வேகத்தில் இருக்கும். மணல் கண்ணில், காதில், சோற்றில், எங்கும். காலையில் வைத்த காலடி மத்தியானம் இருக்காது. மேடு இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும். சின்ன வயதில் எங்கள் வேலியே ஒரு ஆடியில் பாதி புதைந்தது. வனத்துறை நட்ட மரங்களும் கொல்லாமாவும் (முந்திரி) வளர்ந்த பிறகு மணல் ஓட்டம் குறைந்திருக்கிறது, ஆனால் காற்று குறையவில்லை.

மண்ணியல் மாணவி
திங்கள், காலை 7.15

காற்று பற்றிச் சொன்னதால் சேர்க்கிறேன். தேரி மணல் ஏன் சிவப்பு என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஒவ்வொரு மணல் பருக்கையின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. கொஞ்சம் மணலை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டு நன்றாகத் தேய்த்தால் விரல் சிவக்கும். இது ஒரு மழைக்காலத்தில் சேர்ந்தது இல்லை, பல ஆயிரம் வருடக் கணக்கு.

மனிதர்களும் அங்கே வெகுகாலமாக நடந்திருக்கிறார்கள். ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர்கள் 1956இல் இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகள் பற்றி எழுதினார்கள். விரல் நகம் அளவுக்குச் செதுக்கிய கல் துண்டுகள். நடக்கும்போது பளபளப்பான கூர்மையான கல்துண்டு கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், ஆனால் எடுத்துப் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டால் அந்தக் கல் சொல்ல வேண்டியதில் பாதி போய்விடும். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தேரிக்குடியிருப்பான்
திங்கள், காலை 8.02

கல் மட்டும் இல்லை தங்கச்சி, மணலையும் பாட்டிலில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கு அது வலிக்கும். கார்த்திகைக் கடைசியில் கற்குவேல் அய்யனார் கோவிலில் கள்ளர் வெட்டு நடக்கும். இளநீரை வெட்டுவார்கள், அந்த நீர் விழுந்த மணலை எடுத்துப்போய் வீட்டிலும் வயலிலும் வைப்போம். அந்த ஒரு பிடியைத் தவிர தேரி மண்ணை யாரும் அழகுக்கு அள்ளியதில்லை.

வருகிறவர்கள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலையும் பார்த்துவிட்டுப் போங்கள். இவ்வளவு காய்ந்த மணலுக்கு நடுவில் சுனையும் சோலையும். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கித் தங்குவதால்தான் அது. அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்தால் மறுபடி நடக்கத் தெம்பு வந்துவிடும்.

பாலா_பெங்களூர்
திங்கள், மதியம் 1.20

நான் எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம் இதே தேரிக்கு ஒரு பெரிய குழுவோடு போனேன். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். 38 பேர். 5.30க்குத் தொடங்குவோம் என்றார்கள், பஸ் வந்து சேர்ந்தபோதே 8 மணி. திரும்பிப் போய்விடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, பணம் கட்டியாகிவிட்டதே. ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர். முன்னால் நடந்தவருக்கும் அந்த இடம் புதிது, போனைப் பார்த்துத்தான் நடந்தார். 10.30க்கு ஒரு பையனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, பிறகு வாந்தி. வியர்வையே நின்றுவிட்டது. அவன் முகம் சிவந்து உலர்ந்து போயிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் காப்பாற்றினார். தன் தூக்குவாளித் தண்ணீரைத் துண்டில் நனைத்து அவன் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். கொல்லாமா நிழலுக்குத் தூக்கிப்போகச் சொன்னார். நாங்கள் போய்க்கொண்டிருந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில், கால் மணி நேரத்தில் சாலைக்குக் கொண்டுவந்து விட்டார். அவன் பிழைத்துக்கொண்டான், 2 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். அந்தப் பெரியவர் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. அது இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

தெற்குக்காற்று, நீங்கள் பழகியவர், தனியாகப் போகலாம். 12 பேரை, 38 பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்த மண் தெரிந்திருக்க வேண்டும்.

தெற்குக்காற்று
திங்கள், மதியம் 2.05

பாலா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. குழுவுக்கு வழிகாட்டி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் என்னை மட்டும் வைத்துப் பேசிவிட்டேன்.

மணப்பாடு செல்வி
திங்கள், இரவு 8.40

மணப்பாட்டிலிருந்து ஒரு குரல். இதுவரை எல்லோரும் தேரியைப் பற்றியே பேசுகிறீர்கள், நடை முடிவது எங்கள் ஊரில்தானே, அதனால் நானும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அழகான ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடு, அதன் மேல் திருச்சிலுவைக் கோவில், ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் கருமேனியாறு கடலோடு சேரும் இடத்தில் அசையாத தண்ணீர். புனித சவேரியார் 1542இல் வந்து தங்கிய குகை மேட்டின் கடல் பக்கச் சரிவில் இருக்கிறது. செப்டம்பர் 14 மகிமைப் பெருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ சனம் வரும். வருகிறவர்களை எங்கள் ஊர் விரட்டியதே இல்லை.

ஆனால் காலை நேரக் கடற்கரை எங்களுக்கு வேலை செய்யும் இடம். வள்ளம் கரை ஏறும்போது எல்லோரும் ஓடித் தள்ளுவோம். அந்த நேரத்தில் குறுக்கே நின்று படம் எடுத்தால் ஆளுக்குத்தான் ஆபத்து. அடுத்து ஏலம். மீனைக் கொட்டி விலை கேட்கும் அந்தச் சில நிமிடத்தில்தான் ஒரு வீட்டின் அன்றைய வருமானம் முடிவாகும். அப்போது நடுவில் புகுந்து “இது என்ன மீன்?” என்று கேட்காதீர்கள். ஏலம் முடியட்டும், நாங்களே கூப்பிட்டுச் சொல்வோம், சாளை எது, ஊளி எது, விளைமீன் எது என்று.

பெண்கள் கருவாடு காயவைக்கும் இடத்தில் கேட்காமல் கேமராவைத் தூக்க வேண்டாம். அழுக்குச் சேலையோடு நிற்கும் என் அத்தையின் படத்தை இணையத்தில் யாரோ போட்டு, வறுமை என்று தலைப்பும் வைத்திருந்தார்கள். அத்தைக்கு 2 வீடு இருக்கிறது. வேலை செய்கிறவர் வேலைச் சேலையில்தான் நிற்பார்.

நடந்து களைத்து வருகிறவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம். எங்கள் ஊர்ப் பெண்கள் முடையும் ஓலைப்பெட்டியைப் பாருங்கள். குருத்தோலையைக் கிழித்து, சாயத்தில் முக்கி, காயவைத்து, நிறம் மாற்றி மாற்றிப் பின்னுவது. ஒரு மூடிப்பெட்டிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் விலை குறைக்கச் சொன்னதில்லை.

நடைப்பிரியன்
திங்கள், இரவு 9.15

செல்வி அக்கா, மிக்க நன்றி. நாங்கள் கடற்கரைக்கு வந்தது மாலை 4 மணிக்கு, அதனால் ஏலத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றால் எங்கே நிற்க வேண்டும் என்று அப்போது கேட்டுக்கொள்கிறோம். மணப்பாட்டுக்குத் தெற்கே கரை வழியாகவே பெரியதாழை வரை நீட்டலாமா? பழைய பயணக் குறிப்புகளில் அந்த வழியைப் பார்த்தேன்.

மணப்பாடு செல்வி
திங்கள், இரவு 9.32

பழைய குறிப்பை நம்பிக் கிளம்பாதீர்கள் தம்பி. குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள், 2000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். முன்பு எல்லோரும் போய்வந்த பாதை என்பதற்காக இப்போதும் போகலாம் என்று இல்லை. ஊரில் கேட்டு, விடுவார்கள் என்றால் மட்டும் போங்கள். மணப்பாட்டோடு முடித்துக்கொண்டால் நிம்மதியாக அந்தி வரை உட்காரலாம்.

ஓணான் ரசிகன்
செவ்வாய், காலை 6.50

பங்குனி, சித்திரையில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விசிறித்தொண்டை ஓணானைத் தேடுங்கள். விரல் நீளம்தான், மணல் நிறத்திலேயே இருக்கும். ஆண் ஓணான் ஒரு சின்னக் கல்லிலோ மட்டையிலோ ஏறி நின்று தொண்டைக்குக் கீழே இருக்கும் விசிறியை விரித்து விரித்து மடக்கும். தென் தமிழ்நாட்டின் இந்தப் பக்கத்திலிருந்து 2016இல் புதிதாக விவரித்த இனத்துக்கு அறிவியல் பெயரிலேயே மருதமும் நெய்தலும் இருக்கின்றன, சிட்டானா மருதம்நெய்தல். நம் திணைப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு ஓணான் ஓடுவது எனக்கு இன்றும் சிலிர்ப்புத்தான். ஆனால் 12 பேர் சேர்ந்து சூழ்ந்தால் ஓடிவிடும். ஒருவர் பின் ஒருவராக, தூரத்திலிருந்து பாருங்கள்.

குமார்_திருப்பூர்
செவ்வாய், காலை 10.11

படித்ததும் வரவேண்டும் போல இருக்கிறது. ஒரு கேள்வி. பிள்ளைகளை அழைத்துவருகிறேன், அவர்கள் பனை ஏறுவதை நேரில் பார்த்ததே இல்லை. காசு கொடுத்தால் யாராவது ஏறிக் காட்டுவார்களா? 11 மணி வாக்கில் வசதிப்படும்.

உடன்குடிப் பெண்
செவ்வாய், இரவு 7.55

குமார் அண்ணன், உங்கள் மேல் கோபம் இல்லை, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. ஆனால் பனையேறியின் மகளாக இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் அப்பா பருவத்தில் காலையில் 35 மரம் ஏறி இறங்குவார், மாலையில் மறுபடி அதே 35 மரம். கையில் முருக்குத்தடி, காலில் தளைநார், இடுப்பில் அரிவாப்பெட்டி. மரத்தைக் கட்டிப்பிடித்துப் பிடித்து நெஞ்சுத் தோல் மரத்துப்போய்க் காய்ப்பு ஏறியிருக்கும். மேலே போய்ப் பாளையின் நுனியைச் சீவ வேண்டும். எவ்வளவு சீவ வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். கொஞ்சம் அதிகமானால் பாளை வீணாகிவிடும், குறைந்தால் பதநீர் இறங்காது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மாட்ட வேண்டும். இவ்வளவும் முடித்து இறங்கி அவர் கஞ்சி குடித்துப் படுக்கும் நேரம்தான் நீங்கள் சொல்லும் 11 மணி. அந்த நேரத்தில் 500 ரூபாயைக் காட்டி ஏறச் சொன்ன ஆட்களும் வந்திருக்கிறார்கள். அப்பா ஏறியும் இருக்கிறார், வீட்டில் தேவை இருந்தது. இறங்கி வந்தவர் அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை. நான் அப்போது எட்டாம் வகுப்பு, எனக்கு மறக்கவில்லை.

பிள்ளைகளை 5.30க்குக் கூட்டிவாருங்கள். அப்போது அவர் எப்படியும் ஏறுவார். கீழே நின்று பார்க்கலாம், கலயம் இறங்கும், பனையோலையில் பட்டை மடித்துப் பயினி, அதாவது பதநீர், ஊற்றிக் கொடுப்பார். பட்டையில் குடிக்கும்போது வரும் ஓலை வாசம் டம்ளரில் வராது. போகும்போது விடிலியில் கருப்பட்டி வாங்குங்கள். சீனி கலந்த கருப்பட்டி கடையில் மலிவாகக் கிடைக்கிறது, அதன் விலையைச் சொல்லி எங்களிடம் பேரம் பேசாதீர்கள். அது ஒன்றுதான் நான் கேட்பது.

குமார்_திருப்பூர்
செவ்வாய், இரவு 8.20

தப்பாகக் கேட்டுவிட்டேன் தங்கச்சி, மன்னிக்க வேண்டும். 5.30க்கே வருகிறோம். பிள்ளைகளை முதல் நாள் சாயங்காலமே திருச்செந்தூரில் தங்க வைத்துவிடுகிறேன்.

தெற்குக்காற்று
செவ்வாய், இரவு 8.44

இதையெல்லாம் நான் 2 முறை போயும் பார்க்கவில்லை. மணலையும் வானத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இந்த முறை குழுவில் எனக்கு ஒரு இடம் உண்டா?

நடைப்பிரியன்
புதன், இரவு 9.30

உண்டு அண்ணே. எல்லோரும் சொன்னதை வைத்துத் திட்டத்தை மாற்றியிருக்கிறேன். 12 பேருக்கு மேல் இல்லை. வனத்துறையிடம் ஒரு மாதம் முன்பே எழுதுகிறோம். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், உப்பும் எலுமிச்சையும் தனியாக. தேரியை முதல் நாள் காலையிலேயே முடித்து, வெயில் நேரம் முழுக்க அருஞ்சுனை நிழலில். இரண்டாம் நாள் குலசேகரப்பட்டினத்தில் முத்தாரம்மன் கோவிலிலிருந்து கிளம்பிக் கரை வழியாக மணப்பாடு. அந்தி வரை அங்கேயே தங்கி, மறுநாள் காலை செல்வி அக்கா சொல்லும் இடத்தில் நின்று ஏலம் பார்க்கிறோம். வழிகாட்டி அண்ணாச்சிக்குக் கூலியை முன்பே பேசி முழுதாகக் கொடுத்துவிடுகிறோம். தேதிதான் முடிவாகவில்லை. பங்குனி முதல் வாரமா, கடைசி வாரமா?

உடன்குடிப் பெண்
புதன், இரவு 10.05

கடைசி வாரம் வாருங்கள் அண்ணன். முதல் வாரத்தில் எல்லா மரத்திலும் பாளை பதமாகியிருக்காது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், 12 பேருக்குப் பட்டை மடிக்க ஓலை வெட்டி வைக்கிறார்களாம். காலை 7 மணிக்குள் விடிலிக்கு வந்துவிடுங்கள், அதற்கு மேல் சட்டி அடுப்பில் ஏறிவிடும், அப்புறம் இறக்கும் வரை வெளியேதான் உட்கார வேண்டும்.